ஒரு வருடம் கடந்த பிறகு பிறப்பைப் பதிவு செய்வது: தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு முழு வழிகாட்டி

என் தங்கை மகள் வீட்டில் பிறந்தவள். பிறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் அது பெரிய விஷயமாக வந்து நின்றது. சான்றிதழ் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதில் நான்கு மாதத்தை எதற்குப் பிறகு எது என்று தெரியாமலே தொலைத்தோம். அதன் பிறகு உறவிலும் தெருவிலும் சிலருக்குத் துணையாக அலுவலகம் போயிருக்கிறேன். எல்லாரும் அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் என்ன செய்வது என்பதோடு, எதை முதலில் செய்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## 1. பதிவே இல்லையா, பெயர் மட்டும் இல்லையா என்று முதலில் பாருங்கள்

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பதிவாளருக்குத் தகவல் தரும் பொறுப்பு சட்டப்படி அந்த மருத்துவமனைப் பொறுப்பாளருடையது. பிறந்த சில நாட்களில் நாம் பெயர் வைத்திருக்க மாட்டோம். அதனால் பெயர்க் கட்டம் காலியாக இருக்க, பதிவு மட்டும் நடந்து முடிந்திருக்கும். சான்றிதழை யாரும் போய் வாங்காததால் "பதிவே இல்லை" என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும்.

அப்படிப் பதிவு இருந்தால் உங்களுக்கு இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி தேவையில்லை. பெயர் சேர்ப்பு மட்டும் போதும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) வரை போகவே வேண்டாம், பதிவாளரிடமே முடிந்துவிடும்.

தேடும்போது அகலமாகத் தேடுங்கள். தாயின் பெயரை மருத்துவமனையில் எப்படிச் சொன்னோமோ அப்படித்தான் பதிவில் இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயர், இன்ஷியல் இல்லாத பெயர், ஒரு எழுத்து மாறிய பெயர் என்று எல்லா வடிவத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். தேதியிலும் ஒரு நாள் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு நாளுக்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தையைப் பாட்டி திங்கட்கிழமைப் பிள்ளை என்பார், மருத்துவமனை ஏடு செவ்வாய் என்னும். ஜாதகத்தைப் பார்த்துத் தேதி சொன்ன ஒரு குடும்பம் இதனாலேயே இருக்கும் பதிவைத் தவறவிட்டது. அரசுக் கணக்கில் நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறுகிறது.

இந்தத் தேடலை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவு ஆகிவிட்டால் ஒன்றை ரத்து செய்ய இன்னொரு அலைச்சல் காத்திருக்கும்.

## 2. பிறந்த இடம் எது என்பதை உறுதி செய்யுங்கள்

பிறப்பைப் பதிவது பிறந்த இடத்தின் பதிவாளர். நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். கணவன் வீடு கோயம்புத்தூரில் இருக்கும், குழந்தை சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்திருக்கும். கோயம்புத்தூரில் மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தால் கடைசியில் "எங்கள் எல்லையில் பிறக்கவில்லை" என்ற பதில்தான் வரும். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் ஆஸ்பத்திரி இருக்கும் இடமே பிறந்த இடம். தாயின் ஊரும்கூட அங்கே கணக்கில் வராது.

போகும் வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்டால், வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிய வேண்டும் என்பது விதி.

பதிவாளர் யார் என்பது இடத்தைப் பொறுத்து மாறும். கிராம ஊராட்சியில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர், நம் வாயில் வி.ஏ.ஓ. மாநகராட்சி, நகராட்சிகளில் சுகாதாரப் பிரிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் அங்கிருக்கும் சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள்.

எல்லை மாறியிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். தென்காசி, செங்கல்பட்டு, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை 2019-லும் மயிலாடுதுறை 2020-லும் தனி மாவட்டங்களாயின. பல ஊராட்சிகள் மாநகராட்சிகளோடு இணைந்திருக்கின்றன. பழைய ஏடு ஓர் அலுவலகத்திலும் இன்றைய அதிகாரம் இன்னோர் அலுவலகத்திலும் இருக்கலாம். தேட வேண்டியது முதல் இடத்தில், மனு கொடுக்க வேண்டியது இரண்டாவது இடத்தில்.

## 3. நாள் கணக்கைப் போடுங்கள்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 13-ஆம் பிரிவுதான் தாமதப் பதிவுக்கு அடிப்படை. 2023-இல் செய்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய விதியை வைத்துக்கொண்டு வழி சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

பிறந்து 21 நாளுக்குள் என்றால் கட்டணமே இல்லை. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் கட்டினால் பதிவாளரே பதிந்துவிடுவார்.

30 நாள் கடந்து ஒரு வருடத்துக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. முன்பு நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தைச் சட்டமே கேட்டது. திருத்தத்துக்குப் பிறகு, நீங்களே சான்றொப்பமிட்ட ஆவணம் போதும் என்று மாறியிருக்கிறது. அனுமதி தருகிற அதிகாரி ஊராட்சிக்கு ஒருவர், நகர்ப்புறத்துக்கு ஒருவர். பதிவாளரிடம் கேட்டால் அவரே அந்த மேசையைக் காட்டுவார்.

ஒரு வருடம் கடந்துவிட்டால், ஒரே ஒரு நாள் கடந்திருந்தாலும், நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். நடைமுறையில் அது ஆர்.டி.ஓ. என்று எல்லாரும் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியர். சில கோட்டங்களில் அந்த நாற்காலியில் சார் ஆட்சியர் இருப்பார். முன்பு இதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. "கோர்ட்டில் கேஸ் போட்டால்தான் ஆகும்" என்று யாராவது பணம் கேட்டால், அது அந்தப் பழைய நிலைமை.

பதினோராவது மாதத்தில் இருக்கிறீர்களா? மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இந்த வாரமே போங்கள். ஒரு வருடக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சில வாரத்தில் முடிவது, அந்தப் பக்கம் பல மாதம் இழுக்கும்.

ஒரு வருடம் கடந்தவர்களுக்குத்தான் இனி வருபவை.

## 4. பதிவு இல்லை என்ற சான்றை வாங்குங்கள்

தேடிப் பார்த்துப் பதிவு இல்லை என்று தெரிந்தால், அதை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். விதிகளில் இதற்கு 10-ஆம் எண் படிவம் இருக்கிறது. பேச்சில் "பதிவின்மைச் சான்று" என்பார்கள்.

கோட்டாட்சியர் அலுவலகம் முதலில் கேட்பது இதைத்தான். ஏற்கெனவே பதிவான பிறப்புக்கு அவர் ஆணை போட முடியாது, எனவே பதிவு இல்லை என்பது முதலில் நிலைநாட்டப்பட வேண்டும். இது இல்லாமல் கொடுத்த மனு மேசையில் கிடக்கும், இல்லையென்றால் திரும்பி வரும். நாங்கள் தொலைத்த நான்கு மாதத்தில் இரண்டு இதற்காகத்தான் போனது.

கிராமத்துப் பிறப்பு என்றால், நடப்புக் காலத்து ஏடு வி.ஏ.ஓ.விடம் இருக்கும். பழைய ஆண்டுகளுடையது தாலுகா அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும். எந்த ஆண்டு எங்கே என்று வி.ஏ.ஓ.வைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தேடுவதற்குக் கட்டணம் உண்டு, ஆண்டுக் கணக்கில் போடுவார்கள். சரியான ஆண்டைச் சொன்னால் செலவு குறையும்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். தேடிய தேதி, தாய் தந்தை பெயர், பிறந்த இடம் மூன்றும் நீங்கள் மனுவில் எழுதப்போவதோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு பெயர் மாறியிருந்தால் பிற்பாடு எல்லாத் தாளிலும் அந்த மாற்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

## 5. தாள்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் அனுபவம். அதிகாரி குழந்தை பிறந்ததைப் பார்த்தவர் இல்லை. உங்கள் தாள்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் அவருக்கு மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: இந்தத் தேதியில், இந்த இடத்தில், இந்தப் பெற்றோருக்குப் பிறந்தது இந்தக் குழந்தை.

பிறந்த நாளுக்கும் இடத்துக்கும். மருத்துவமனைப் பிறப்பு என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. தொலைந்திருந்தால் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் சேர்க்கை எண்ணோடு எழுதிக் கேளுங்கள். பிரசவ அறைப் பதிவேட்டின் நகலைத் தருவார்கள், அல்லது அதை வைத்து ஒரு கடிதம் தருவார்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த 12 இலக்க ஆர்.சி.எச். எண் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்மி எண் என்று சொல்வார்களே, அதுதான்.

வீட்டுப் பிறப்பு என்றால். பலர் கையில் ஒன்றுமே இல்லை என்று சோர்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஏதாவது இருக்கும். கிராம சுகாதார செவிலியரின் ஏட்டில் தாயின் பெயரும் பிரசவ நாளும் இருக்கும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் முதல் ஊசி போட்ட தேதி இருக்கும். அங்கன்வாடி மையத்தின் பதிவேடு இன்னொன்று. என் தங்கை மகள் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது மஞ்சள் பூத்துப்போன ஒரு தடுப்பூசி அட்டை. பிறந்து ஐந்தாம் நாள் செவிலியர் வீட்டுக்கு வந்து எழுதியது அது.

அந்தக் காலத்துத் தாள்தான் கனமானது. பத்து வருடம் கழித்து வாங்கிய கடிதத்தைவிட, பிறந்த வாரத்தில் யாரோ பேனாவால் எழுதிய ஒரு வரிக்கு விசாரணையில் மதிப்பு அதிகம். வீட்டில் பழைய பைகளைத் தேடுங்கள்.

பெற்றோருக்கு. இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, திருமணப் பதிவு இருந்தால் அது. குழந்தை பள்ளியில் இருந்தால் படிப்புச் சான்று. பெரியவர் ஒருவர் தனக்கே பதிவு செய்வதென்றால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும்.

சாட்சிகள். பிறந்ததை நேரில் அறிந்த இரண்டு பேர். அந்த ஊரில் இப்போதும் இருப்பவர்களாகப் பாருங்கள். விசாரணை அந்த ஊரில்தான் நடக்கும்.

இனி இந்தத் தாள்களை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் குழந்தை பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அரை மணி நேர வேலை. "முத்துலட்சுமி" ஓரிடத்தில் "முத்துலெட்சுமி"யாக இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பெயர் எழுத்து மாறினால் "இருவரும் ஒருவரே" என்று ஒரு பிரமாணப் பத்திரம் வைக்கலாம். தேதி மாறியிருந்தால் சிக்கல் பெரிது. அடிக்கடி பார்ப்பது இது: பள்ளியில் வயது பத்தவில்லை என்று சில மாதம் முன்தள்ளி ஒரு தேதியைக் கொடுத்திருப்பார்கள், அதையே பார்த்து ஆதாரிலும் ஏற்றியிருப்பார்கள். இப்போது "எல்லாத்திலும் அதுதானே இருக்கு, அதையே பிறப்புச் சான்றிலும் போட்டுவிடலாம்" என்று தோன்றும்.

அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவமனை ஏட்டிலோ தடுப்பூசி அட்டையிலோ உண்மைத் தேதி இருக்கிறது, விசாரணையில் அது வெளியே வரும். தெரிந்தே தவறான தகவல் தருவது இந்தச் சட்டப்படியே தண்டனைக்குரியது. உண்மைத் தேதிக்குச் சான்றிதழ் வாங்குங்கள், பள்ளித் தேதி ஏன் மாறியது என்று மனுவிலேயே இரண்டு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சான்றிதழை வைத்துப் பள்ளியிலும் ஆதாரிலும் திருத்தலாம். பள்ளித் திருத்தத்தைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மிகவும் கடினம்.

## 6. மனுவைச் சுருக்கமாக எழுதுங்கள்

மனு பிறந்த இடத்துக்கு உரிய வருவாய்க் கோட்டாட்சியருக்கு. நேரில் வாங்குகிறார்களா, இ-சேவை மையம் வழியாகத்தானா என்று அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் போதும். குழந்தையின் பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, நேரம், இடத்தின் முழு முகவரி, பெற்றோர் பெயர், அப்போதைய முகவரி, இப்போதைய முகவரி. பிறகு தாமதத்துக்கான காரணம். கடைசியில் இணைத்திருக்கும் தாள்களின் பட்டியல், எண் போட்டு.

காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். "வீட்டில் பிறந்ததாலும், பதிவு செய்ய வேண்டும் என்று தெரியாததாலும் விடுபட்டது" என்பது நல்ல காரணம். உருக்கமாக இருக்கட்டும் என்று யாரோ இறந்ததாக, ஊரை விட்டுப் போனதாக எழுதிவிட்டு, விசாரணையில் சாட்சி வேறொன்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூலத் தாள்களைக் கொடுத்துவிடாதீர்கள். நகல்களைக் கொடுங்கள், மூலத்தைக் காட்ட மட்டும் எடுத்துப் போங்கள். முழு மனுவையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைப் பிரதி இல்லாதவர் பிறகு "மனு வந்ததாகவே தெரியவில்லையே" என்ற பதிலுக்கு எதிரே ஒன்றும் செய்ய முடியாது.

## 7. விசாரணைக்குத் தயாராக இருங்கள்

கோட்டாட்சியர் நேரடியாக ஆணை போடமாட்டார். மனு வட்டாட்சியருக்குப் போகும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கும். அவர்கள் ஊரில் விசாரித்து, சாட்சிகளின் வாக்குமூலம் வாங்கி, அறிக்கை எழுதி, வந்த வழியே மேலே அனுப்புவார்கள். கோப்பு இறங்கி ஏறும் இந்தப் பயணத்தில்தான் நாட்கள் கரைகின்றன.

கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் போக வேண்டிய இடம் தெரியும். கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே வாரம் ஒருமுறை போய் நிற்பதில் பயனில்லை. கோப்பு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, அது இறங்கிய இடத்துக்குப் போங்கள்.

சாட்சிகளிடம் முன்பே பேசிவையுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணவைக்கச் சொல்லவில்லை, அது தவறு. எந்தப் பிறப்பைப் பற்றிக் கேட்பார்கள், எந்த ஆண்டு என்று நினைவுபடுத்தினால் போதும். வயதானவர்கள் திடீரென்று கேட்டால் மூத்த பிள்ளையையும் இளைய பிள்ளையையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் விசாரணை நாளன்று ஊருக்கு வரப் பாருங்கள். பெற்றோர் ஒருவராவது நேரில் மூலத் தாள்களோடு இருந்தால் ஒரே நாளில் முடியும். இல்லாவிட்டால் "ஆஜராகவில்லை" என்ற குறிப்போடு கோப்பு நிற்கும்.

## 8. ஆணையை வாங்கியதும் வரிக்கு வரி படியுங்கள்

ஆணையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பதிவாளர் ஏற்றுவார். ஒரு எழுத்தைக்கூட அவர் தன்னிச்சையாக மாற்ற முடியாது. குழந்தை பெயர், தேதி, பெற்றோர் பெயர், பிறந்த இடம், எந்தப் பதிவாளர் பதிய வேண்டும் என்ற வரி, இவ்வளவையும் பாருங்கள். தட்டச்சுப் பிழை இருந்தால் அந்த வாரமே திருத்த ஆணை கேளுங்கள். கோப்பு இன்னும் மேலேயே இருக்கும்போது திருத்துவது எளிது.

ஆணையோடு வேலை முடிந்தது என்று நினைத்து, அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்தவரை எனக்குத் தெரியும். ஆணை, பதிவு செய்யச் சொல்லும் உத்தரவு மட்டுமே. சான்றிதழ் பதிவாளரிடமிருந்து வர வேண்டும்.

## 9. பதிவாளரிடம் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்

ஆணையின் அசலும் நகலும், பெற்றோர் ஆதாரும் எடுத்துப் போங்கள். பிறப்பு அறிக்கைப் படிவம், அதாவது 1-ஆம் எண் படிவம், நிரப்ப வேண்டும். தாமதக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள்.

தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வரும். ஆங்கில எழுத்துகளைப் பதிவாளர் ஊகிக்கும்படி விடாதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். பெற்றோர் பெயர் அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

இன்ஷியல் விஷயத்தில் வீட்டில் முன்பே ஒரு முடிவுக்கு வாருங்கள். குழந்தையின் பெயரோடு இன்ஷியல் ஒட்டி வருமா, அப்பா பெயர் முழுதாகச் சேருமா, பெயர் மட்டும் தனியாகவா? பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் இதே வடிவம்தான் தொடரும். ஒருமுறை ஏறிய பெயரை "வேறு பெயர் பிடித்திருக்கிறது" என்று மாற்ற முடியாது. 15-ஆம் பிரிவு எழுத்துப் பிழை போன்ற தவறுகளைத் திருத்த மட்டுமே வழி தருகிறது.

கணினியில் ஏற்றியதும், இறுதி செய்வதற்கு முன்னால், திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். அந்த இரண்டு நிமிடம் பின்னால் வரும் இரண்டு மாதத் திருத்த மனுவை மிச்சப்படுத்தும்.

சான்றிதழ் 5-ஆம் எண் படிவத்தில் வரும். அதில் பிறந்த தேதியும் பதிவு செய்த தேதியும் தனித்தனியாக இருக்கும். பதிவுத் தேதி பல ஆண்டு தள்ளி இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சட்டப்படி அது முழுச் செல்லுபடியுள்ள சான்றிதழ். கியூஆர் குறியீடு இருந்தால் கைபேசியில் ஸ்கேன் செய்து அதே விவரம் வருகிறதா என்று பாருங்கள். இடைத்தரகர் "நேரா கொண்டுவந்து தருகிறேன்" என்று தந்த ஒன்று, பதிவேட்டில் இல்லாத வெறும் அச்சடித்த தாளாக இருந்த கதை எங்கள் பகுதியிலேயே நடந்தது.

## 10. தாமதித்தாலோ மறுத்தாலோ

தாமதம் என்றால் முதலில் எழுத்தில் நினைவூட்டுங்கள், முத்திரைப் பிரதியைக் காட்டுங்கள். பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் பதியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி "என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது" என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நான் பார்த்தவரை அந்தக் கேள்வி போன பிறகு கோப்பு நகர்கிறது.

பதிவாளர் மறுத்தால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். 2023 திருத்தத்தில் வந்த 25ஏ பிரிவின்படி, பதிவாளரின் முடிவை எதிர்த்து பிறப்பு இறப்புக்கான மாவட்டப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கோட்டாட்சியரே மனுவை நிராகரித்தால் காரணத்தைப் படியுங்கள். "போதிய ஆதாரம் இல்லை" என்றிருந்தால் கூடுதல் ஆவணத்தோடு மறுபடி மனு செய்வது வேகமான வழி. எல்லா ஆதாரமும் இருந்தும் மறுத்தார்கள் என்றால்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

## 11. சில தனி நிலைமைகள்

தாய் தனியாகப் பதியும்போது. அப்பா பெயர் இல்லாமல் பதிய மாட்டோம் என்று சொல்ல முடியாது. திருமணமாகாத தாயோ தனித்திருக்கும் பெற்றோரோ குழந்தைக்குப் பிறப்புச் சான்று கேட்டால் ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. இந்தப் பெண்களை அலுவலகத்தில் கேட்கும் கேள்விகள் வேதனையானவை. கூட ஒருவர் போங்கள்.

வெளிநாட்டில் பிறந்த குழந்தை. பிறந்த நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் பதியலாம். அப்படிப் பதியாமல், இங்கேயே குடியேறும் எண்ணத்தில் பெற்றோர் திரும்பியிருந்தால், குழந்தை இந்தியா வந்த 60 நாளுக்குள் இங்கே பதியலாம். அதுவும் கடந்தால் மேலே சொன்ன தாமதப் பதிவு வழிதான்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தை. பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை இவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்க பிறப்புச் சான்றிதழே ஒரே ஆவணம். முன்பு போல மாற்றுச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்கும் வழி இவர்களுக்கு இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பதிவு விடுபட்டிருந்தால் பள்ளி திறக்கும் மாதம்வரை காத்திருக்காதீர்கள்.

சான்றிதழ் வந்ததும் ஆதாரைத் திருத்தப் போவீர்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் சான்றிதழில் பிழை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்த மையத்துக்குப் போங்கள். பிழை இருந்தால் முதலில் பதிவாளரிடம் திருத்தம், அப்புறம் ஆதார், அதற்கப்புறம் பள்ளி.